மேஜைக்கு எதிரே ஒருவர்

தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "எந்தப் புத்தகம் வாங்கலாம், சார்?" என்பதுதான். கடலூர் மஞ்சக்குப்பத்திலும் சிதம்பரம் மேல வீதியிலும் மாலை வகுப்பு எடுத்த காலம் முழுக்க இந்தக் கேள்வி என் காதில் விழுந்திருக்கிறது. பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன்: "யாருக்காக எழுதப் போறே?" விழிப்பார்கள். டெஸ்க்டாப் அப்ளிகேஷன் தேர்வு என்றால் கம்பெனி கேள்வி கேட்கும், நாம் விடையைச் சொடுக்குவோம், மதிப்பெண் வரும். இதில் இன்னொரு ஆள் எங்கே வந்தார் என்று நினைப்பார்கள். சிலர் மறுநாள் வரமாட்டார்கள். வந்தவர்களிடம் சொன்னதைத்தான் உங்களிடமும் சொல்கிறேன், பிள்ளைகளே.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. நீங்கள் வாங்கப்போகும் சான்றிதழ் உங்களைவிட வேகமாக மூப்படையும். நான் எழுதியது மைக்ரோசாஃப்டின் விஷுவல் பேசிக் 6.0-க்கான டெஸ்க்டாப் தேர்வு. அதன் எண் 70-176. அந்தப் பதிப்பு 1998-இல் வந்தது. 2002-இல் டாட்நெட் வந்து அதன் நாற்காலியில் உட்கார்ந்தது. பிறகு 70-306, 70-316, 70-526, 70-505, 70-511 என்று எண்கள் மாறிக்கொண்டே வந்தன. ஒரு தேர்வுக்குப் புத்தகம் வாங்கி, அட்டை போட்டு, பாதி படிப்பதற்குள் அடுத்த எண் வந்துவிடும். எம்சிஎஸ்டி என்று பெயருக்குப் பின்னால் பெருமையாகப் போட்டுக்கொண்ட பட்டத்தையும் 2021 ஜனவரி 31-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் இப்போது நடத்தும் தேர்வுகள் பெரும்பாலும் கிளவுட், டேட்டா, செயற்கை நுண்ணறிவு என்ற பக்கம் போய்விட்டன. சி ஷார்ப் மொழிக்கான அடிப்படைச் சான்றிதழ் ஒன்றை ஃப்ரீகோட்கேம்ப் அமைப்போடு சேர்ந்து 2023 முதல் இலவசமாகத் தருகிறார்கள். மத்திய அரசின் நைலிட் நடத்தும் ஓ லெவல், ஏ லெவல் தேர்வுகளும் இருக்கின்றன. பெயர் எதுவானாலும் அதற்கும் ஒரு முடிவுத் தேதி எங்கோ எழுதப்பட்டிருக்கிறது.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டியதில்லை. விஷுவல் பேசிக் 6.0-இல் நிரல் எழுதும் கருவிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. ஆனால் அதில் எழுதிய நிரல்களை ஓட வைக்கும் பகுதியை இன்றுவரை விண்டோஸோடு சேர்த்தே அனுப்புகிறது. எடுத்துவிட்டால் எத்தனையோ கடைகளின் கல்லா நின்றுபோகும். தேர்வு போனது, பட்டம் போனது, மொழியின் மவுசும் போனது. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் மட்டும் போகவில்லை. நீங்கள் யாரை நம்பிப் படிக்க வேண்டும் என்பதை இதிலிருந்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

என் தலைமுறைக்குத் தேர்வுப் பயிற்சி என்றால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்தான். பழைய ரெமிங்டன் மெஷின்கள் வரிசையாக இருக்கும். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று மாதக்கணக்கில் அதே வரியைத் தட்ட வேண்டும். லோயர் தேற நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் தேற 45 சொல். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் தேர்வு நடத்தும். ஊரே கூடி எழுதும். அங்கே யாரும் குறுக்குவழி கேட்டதில்லை; கேட்டாலும் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. விரலுக்கு எவ்வளவு காலம் தேவையோ அவ்வளவு காலம் அது எடுத்துக்கொள்ளும். பின்னாளில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தபோது, வேகமாக அடிக்கும் கை எனக்குப் பெரிதாக உதவவில்லை. ஒரே வரியை நூறு தடவை தட்டினாலும் சலிக்காத மனம்தான் உதவியது.

அதன்பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி. 1979-இல் தொடங்கிய அந்த இயக்ககம் இல்லாவிட்டால் என்னைப் போன்ற குமாஸ்தாக்கள் கம்ப்யூட்டர் பட்டயம் வாங்கியிருக்க முடியாது. கடலூரிலிருந்து அண்ணாமலை நகர் பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம்தான். ஆனாலும் பாடப் புத்தகம் தபாலில்தான் வரும். வேலைக்குப் போய்க்கொண்டே, குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டுப் படித்தவர்கள் நாங்கள். பள்ளி ஆசிரியர்கள், நெய்வேலித் தொழிலாளர்கள், கூட்டுறவுச் சங்க எழுத்தர்கள் என்று தேர்வுக்கூடத்தில் நரைத்த தலைகள் நிறைய இருக்கும். தோற்றவர்கள் அடுத்த முறையும் அதே பெஞ்சுக்கு வருவார்கள். அதை ஒரு செய்தியாக யாரும் பேசியதுகூட இல்லை.

இப்போது நான் அதிகம் சொல்ல நினைக்கும் கதைக்கு வருகிறேன். 2011-ஆம் ஆண்டின் நடுவில் குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு பையன் வந்தான். அப்பா கைலி நெய்பவர். பையன் 70-511 எழுத வேண்டும் என்றான். டாட்நெட் 4 வைத்து விண்டோஸ் அப்ளிகேஷன் எழுதுவதற்கான தேர்வு அது. வழக்கமான கேள்வியைக் கேட்டேன். யோசித்துவிட்டு, "பண்ருட்டி பக்கம் எங்க மாமா ஒரு முந்திரி வியாபாரிகிட்ட வேலை செய்றார், சார். அங்க பில்லு கையிலதான் போடறாங்க" என்றான். "அவருக்கு எழுது. பாடத்திட்டத்தை ஒரு கையில் வைத்துக்கொள், அவரை எதிரே உட்கார வை" என்று அனுப்பினேன்.

முதல் வாரமே அழாத குறையாகத் திரும்பி வந்தான். இவன் செய்திருந்த ஃபார்மில் எடைக் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. பாடத்தில் சொன்னபடி வேலிடேட்டிங் நிகழ்வில் அதை எழுதியிருந்தான். தப்பு ஏதும் இல்லை. கடையின் கணக்குப்பிள்ளை எழுபதை நெருங்கியவர். ஒரு பில்லைத் தொடங்கிவிட்டு, ஆள் சரக்கு வேண்டாம் என்று போனதும், ரத்து பட்டனை அழுத்தியிருக்கிறார். கட்டம் காலி, எனவே பட்டனுக்கும் போக விடவில்லை. திரும்பத் திரும்ப அதே எச்சரிக்கை. பெரியவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, எழுந்துபோய்ச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்துவிட்டார். ரத்து பட்டனில் காசஸ்வேலிடேஷன் என்ற ஒரு குணத்தை 'இல்லை' என்று மாற்றியிருந்தால் தீர்ந்திருக்கும். அந்தத் தேர்வுக்குப் படித்த எல்லோருக்கும் தெரிந்த ஒற்றை மதிப்பெண் சமாசாரம்தான் அது. மற்றவர்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். இவனுக்கு அது ஒரு பெரியவரின் முகமாக நினைவில் நின்றது.

இன்னொன்றையும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். பையன் தன் நிரலை மௌஸ் வைத்துச் சோதித்திருந்தான். கணக்குப்பிள்ளை மௌஸைத் தொடமாட்டார், டேப் விசைதான். விண்டோஸ் ஃபார்மில் ஒரு கட்டத்தை விட்டு வெளியேறும்போது நிகழ்வுகள் நடக்கும் வரிசை இந்த இரண்டுக்கும் வேறு. விசைப்பலகையில் போனால் லீவ், வேலிடேட்டிங், வேலிடேட்டட் எல்லாம் முடிந்து கடைசியில்தான் லாஸ்ட்ஃபோகஸ். மௌஸால் போனால் லாஸ்ட்ஃபோகஸ் முதலில் வந்துவிடும். பையன் தொகை கணக்கிடும் வரியை லாஸ்ட்ஃபோகஸில் வைத்திருந்தான். ஒரே பில், ஒரே எடை. யார் எப்படித் தட்டினார்கள் என்பதைப் பொறுத்துக் கணக்கு ஒரு தடவை சரிபார்ப்புக்கு முன்னும் ஒரு தடவை பின்னும் ஓடியது. புத்தகத்தில் இந்த வரிசை ஒரு சின்ன அட்டவணையாக இருக்கும், பெரும்பாலோர் தாண்டிப் போவார்கள். அவனால் இனி தாண்ட முடியாது.

முதலாளிக்கு வேறு குறை. பன்னிரண்டரை லட்சத்தைத் திரையில் 1,250,000 என்று காட்டியதும், "தம்பி, இது என்ன நம்பரு? பன்னெண்டு லட்சமா, ஒரு கோடியா?" என்று கேட்டார். அமெரிக்க முறையில் மூன்று மூன்றாகக் காற்புள்ளி போட்டிருந்தது கம்ப்யூட்டர். இந்திய வழக்கைத் தேர்ந்தெடுத்தால் 12,50,000 என்று தானாக வரும். கல்ச்சர் என்று பாடத்தில் ஒரு அத்தியாயமே இருக்கிறது. அதை ஃபிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் உதாரணம் சொல்லித்தான் புத்தகங்கள் விளக்கும். பண்ருட்டிக்கும் அதே அத்தியாயம்தான் என்று அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது. மாதக் கடைசியில் மொத்தத்தில் சில பைசா உதைத்தது இன்னொரு கதை. டபுள் என்ற வகையில் பணத்தைச் சேமித்தால் 0.1 போன்ற எண்ணைக்கூடக் கம்ப்யூட்டர் துல்லியமாக வைத்துக்கொள்ளாது. கூட்டக் கூட்ட நுனியில் பிசிறு சேரும். பணத்துக்கு டெசிமல் வகைதான் சரி. சில பைசாதானே என்று நாம் நினைக்கலாம். கணக்குப்பிள்ளை நினைக்கமாட்டார், அவர் தொழிலே அந்தப் பைசாதான்.

அவன் கடன் வாங்கி ஒரு புது லேப்டாப் வாங்கினான். விண்டோஸ் 7, 64 பிட். கடையின் பழைய எக்ஸ்பி மெஷினில் நன்றாக ஓடிய நிரல் புதியதில் தரவுக் கோப்பைத் திறக்கவே மறுத்தது. ஆக்சஸ் கோப்பைத் திறக்கும் ஜெட் இணைப்பானுக்கு 64 பிட் வடிவம் கிடையாது. நிரலை 32 பிட்டாகத் தொகுத்தால்தான் வேலை நடக்கும். இதைக் கண்டுபிடிக்க அவனுக்குப் பல இரவுகள் ஆயின. நான் முதல் நாளே சொல்லியிருக்கலாம், வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. அதற்காக அவன் என்னிடம் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அது கொடியில் காய்க்கும் வரை காத்திருக்கச் சொல்வதுதான் ஆசிரியன் வேலை.

யாருக்காக எழுதப் போகிறாய் என்று நான் கேட்கும் அந்தக் கேள்வி என் சொந்தச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். விஷுவல் பேசிக்கின் தந்தை என்று சொல்லப்படுபவர் ஆலன் கூப்பர் என்ற அமெரிக்கர். 1988-இல் அவர் எழுதிக் காட்டிய ஒரு நிரலை பில் கேட்ஸ் விலைக்கு வாங்க, அதிலிருந்துதான் 1991-இல் விஷுவல் பேசிக் பிறந்தது. அதே கூப்பர் 1999-இல் ஒரு புத்தகம் எழுதினார். எல்லோருக்குமாக மென்பொருள் செய்யாதீர்கள். பெயரும் தொழிலும் குணமும் உள்ள ஒரே ஒருவரை மனத்தில் உருவாக்கிக்கொண்டு அவருக்காகச் செய்யுங்கள் என்பது அதில் அவர் வற்புறுத்திய கருத்து. அவர் கற்பனை ஆளைச் சொன்னார். கடலூர் மாவட்டத்தில் கற்பனைக்கு அவசியமில்லை. திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் ஒரு நடை போனால் போதும்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. அன்று இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு அதை விவரிக்கத் தேவையில்லை. இல்லாதவர்களுக்கு விவரித்துப் புரியவைக்க முடியாது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. ஒரு முந்திரித் தோப்பை மறுபடி உண்டாக்க எத்தனை ஆண்டு ஆகும் என்று விவசாயிகள் விரல்விட்டு எண்ணிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். நம் வியாபாரியின் கடைக்கூரை பறந்து, கம்ப்யூட்டர் மழையில் ஊறிவிட்டது.

கணக்கு மட்டும் தப்பியது. ஒவ்வொரு நாளும் கடை சாத்துமுன் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் நகலெடுத்துத் தன் கையில் கொடுக்க வேண்டும் என்று முதலாளி ஆரம்பத்திலேயே பிடிவாதம் பிடித்திருந்தார். பையனுக்கு அது அனாவசியம் என்று பட்டது. மரியாதைக்காக ஒரு பட்டன் வைத்துக் கொடுத்தான். தேர்வுப் பாடத்திட்டத்தில் அந்தப் பட்டன் இல்லை. யார் எவ்வளவு தர வேண்டும், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற விவரம் முழுக்க முதலாளியின் சட்டைப் பையில் இருந்தது. தோப்பு இழந்த விவசாயிகளோடு உட்கார்ந்து பழைய பாக்கியைப் பேசி முடிக்க அந்த விவரம்தான் உதவியது. கம்ப்யூட்டர் தெரிந்தவனுக்குத் தெரியாத ஒன்று கடலோரத்தில் வியாபாரம் செய்தவருக்குத் தெரிந்திருந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டுக்கொள்ள நமக்கு எப்போதும் ஏதாவது மிச்சம் இருக்கும்.

புயலுக்குப் பிறகு கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அது வந்து சேர்ந்தபோது 2012-இன் மின்வெட்டு தொடங்கியிருந்தது. சென்னைக்கு வெளியே இருந்த தமிழ்நாடு நாளில் பாதிக்கு மேல் இருட்டில் கிடந்தது. தேர்வுக்குத் தேதி வாங்கி வைத்திருந்த பிள்ளைகள் பதறினார்கள். நான் எல்லோரையும் கோடு போட்ட நோட்டு வாங்கி வரச் சொன்னேன். ஒருவர் நிரலைப் பேனாவால் எழுத வேண்டும். பக்கத்தில் இருப்பவர் சிவப்பு மையால் கம்பைலர் வேலை பார்க்க வேண்டும். அரைப்புள்ளி விட்டால் ஒரு சுழி, மாறியின் வகை தப்பினால் இரண்டு சுழி. முதலில் சிரித்தார்கள். பிறகு சண்டை போட்டார்கள். அதன்பிறகு அமைதியாகிவிட்டார்கள்.

மெஷின் முன் உட்கார்ந்திருப்பவன் எழுதுவான், ஓட்டுவான், பிழை வரும், திருத்துவான். யோசிக்க வேண்டிய பாதியை மெஷினிடம் தள்ளிவிடுவான். காகிதத்தில் எழுதுபவன் எழுதும் முன்பே மனத்துக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். தேர்வுக்கூடத்திலும் அப்படித்தான்: துண்டு நிரலைக் காட்டி, என்ன நடக்கும் என்று கேட்பார்கள், ஓட்டிப் பார்க்க வழி இருக்காது. கரண்ட் இல்லாத அந்த மாதங்களில் தயாரானவர்கள் அதற்கு முன்னும் பின்னும் வந்தவர்களைவிடத் தெளிவாக இருந்தார்கள் என்பது என் அனுபவம். மின்வெட்டுக்கு நன்றி சொல்ல நான் தயாராக இல்லை. சிறு தொழில்கள் எத்தனையோ அதில் நொடிந்தன. ஆனால் வந்த கஷ்டத்தைச் சும்மா போக விடாமல் எதையாவது வாங்கிக்கொண்டு அனுப்ப வேண்டும்.

இனி டம்ப்ஸ் பற்றி. உங்களில் சிலர் இப்போதே அதை ஃபோனில் வைத்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். தேர்வில் வந்த கேள்விகளைத் திருடித் தொகுத்து விற்பது அது. அதைப் பயன்படுத்தினால் வாங்கிய சான்றிதழைப் பறிக்கும் உரிமை மைக்ரோசாஃப்டுக்கு உண்டு. தேர்வுக்கு உட்காரும்போது அந்த ஒப்பந்தத்தைச் சம்மதித்துத்தான் உட்காருகிறீர்கள். சட்டத்தை விடுங்கள். என்னிடம் படித்த ஒருவன் டம்ப்ஸ் படித்து மிக உயர்ந்த மதிப்பெண் வாங்கினான். சென்னையில் நேர்முகத் தேர்வு. "ஐம்பதாயிரம் வரிகளைத் தரவுத்தளத்திலிருந்து எடுக்கும்போது உங்கள் ஃபார்ம் வெளுத்துப்போய் உறைந்து நிற்கிறது. ஏன்?" என்று கேட்டிருக்கிறார்கள். அதே கேள்வி தேர்விலும் வந்தது. சரியான விடை மூன்றாவது என்பது அவனுக்கு நினைவிருந்தது. ஏன் மூன்றாவது என்பது தெரியவில்லை.

காரணம் எளிது. ஃபார்மை வரைவது, பட்டன் அழுத்தலைக் கேட்பது எல்லாமே ஒரே ஒரு இழையின் வேலை. நீண்ட வேலையை அதன் தலையில் கட்டினால் திரையை யார் வரைவது? கல்லாவில் பணம் வாங்குபவரையே கிடங்குக்குப் போய் மூட்டை எண்ணச் சொன்னால் வாடிக்கையாளர் வரிசையில் நிற்க வேண்டியதுதான். எனவே நீண்ட வேலையைப் பேக்ரவுண்ட் ஒர்க்கரிடமோ இன்னொரு இழையிடமோ கொடுக்க வேண்டும். ஆனால் அந்த இன்னொரு இழை ஃபார்மின் கட்டங்களை நேராகத் தொடக்கூடாது. உருவாக்கிய இழை மட்டுமே தொடலாம், மற்றது அதனிடம் சொல்லி அனுப்ப வேண்டும். முந்திரிக் கடையில் ஒரு வருடக் கணக்கைத் திறந்து பார்த்த யாருக்கும் இது ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்கும். டம்ப்ஸ் படித்தவன் வேலை கிடைக்காமல் திரும்பினான். பிறகு ஒரு மருந்துக் கடைக்கு இருப்புக் கணக்கு எழுதிக் கொடுத்து, முதலிலிருந்து கற்றான். இன்று நல்ல நிலையில் இருக்கிறான். அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அவன் சொன்னது ஒன்று: "தோத்திருந்தா சீக்கிரம் கத்துக்கிட்டிருப்பேன், சார்."

புவனகிரியிலிருந்து வந்த ஒரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. நிரல் எழுதுவதில் கெட்டிக்காரி. தேர்வுக் கேள்வியைப் படிப்பதற்குள் நேரம் போய்விடும் என்று பயந்தாள். பயத்தில் நியாயம் இருந்தது. இந்தத் தேர்வுகளின் கேள்விகள் நீளமானவை. ஒரு கம்பெனி, அதற்கு ஒரு அப்ளிகேஷன், அதில் ஒரு சிக்கல் என்று கதை போல விரியும். நாலு விடையில் பல சமயம் இரண்டு மூன்று வேலை செய்யும். ஆனால் கேள்வியின் நடுவில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கும். குறைந்த மாற்றத்தில் செய்ய வேண்டும், பழைய கோப்பு கெடக்கூடாது, பயனர் காத்திருக்கக்கூடாது என்பது போல. அந்த நிபந்தனையைப் பார்க்காதவர் நல்ல விடையைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தோற்பார்.

நான் அவளைக் கடைசி வாக்கியத்தை முதலில் படிக்கச் சொன்னேன். பிறகு ஒவ்வொரு பயிற்சிக் கேள்வியையும் தமிழில் இரண்டே வரியாக எழுதச் சொன்னேன்: யாருக்கு என்ன வேண்டும், என்ன நடந்துவிடக்கூடாது. "ஒரு டாக்டர் க்ளினிக். நோயாளி பெயரை மாத்தினா பக்கத்து கம்ப்யூட்டர்லயும் உடனே மாறணும். ஆனா திரை நடுங்கக் கூடாது." இப்படிச் சொல்லிப் பார்த்ததும் அந்தக் கேள்வி அவள் தெருவுக்கு வந்துவிடும். நோட்டு நிறைய எழுதினாள். தேர்வுக்கு முந்தைய வாரங்களில் அவளுக்கு ஆங்கிலம் பெரிதாக வளர்ந்துவிடவில்லை, பயம் குறைந்தது. முதல் முறை தேறவில்லை. அதைப் பற்றி அவள் வீட்டில் என்ன பேசினார்கள் என்பதை எழுத மாட்டேன். அடுத்த முறை தேறினாள்.

தேர்வு நாள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைக்ரோசாஃப்ட் தேர்வில் தேற 1000-க்கு 700 வேண்டும். அது நூற்றுக்கு எழுபது சரி என்று அர்த்தமாகாது, கேள்விகளின் எடையைப் பொறுத்து அளவிட்ட மதிப்பெண். தவறான விடைக்குக் கழிவு இல்லை, எனவே எதையும் வெற்றாக விடாதீர்கள். தோற்றால் 24 மணி நேரத்துக்குப் பிறகு மறுபடி எழுத விதி இடம் கொடுக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு முறைக்கும் 14 நாள் இடைவெளி. அந்த 24 மணி நேரச் சலுகையைப் பயன்படுத்திய யாரும் தேறி நான் பார்த்ததில்லை. ஆத்திரத்தோடு எழுதும் தேர்வு அது. சென்னைக்கு முந்தின நாளே போய்விடுங்கள். அதிகாலை பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு போய் உட்காராதீர்கள். அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் பதிவில் கொடுத்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். நம் பக்கத்தில் இனிஷியல் முன்னால் வருவதா, பின்னால் வருவதா என்ற குழப்பத்தால் வாசலோடு திரும்பிய பிள்ளைகள் உண்டு.

டெஸ்க்டாப்புக்கு இனிமேல் எதிர்காலம் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். மைக்ரோசாஃப்ட் 2018 டிசம்பரில் டெஸ்க்டாப் நிரல் எழுத உதவும் விண்டோஸ் ஃபார்ம்ஸையும் டபிள்யூபிஎஃப்பையும் யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூலமாக வெளியிட்டது. 2019 முதல் புதிய டாட்நெட்டிலும் அவை ஓடுகின்றன. இன்டர்நெட் போனாலும் பில் போட வேண்டிய கடைகள் நம் மாவட்டத்தில் இன்னும் நிறைய இருக்கின்றன.

அந்தப் பண்ருட்டிக் கடையே அப்படித்தான். குறிஞ்சிப்பாடிப் பையன் எழுதிய நிரல் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பில்லை மாற்றி எழுதினான். பிறகு பெங்களூருக்குப் போய்விட்டான். இப்போது முதலாளியின் மகன் கடையைப் பார்க்கிறார். ஸ்கேன் செய்து பணம் கட்டும் வசதி பில்லிலேயே வர வேண்டும், தரவாரியாக இருப்பு தெரிய வேண்டும் என்கிறார். என்னிடம் இப்போது படிக்கும் இருவரை அனுப்பியிருக்கிறேன். ஒருத்தி சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள், இன்னொருவன் கடலூர் ஓ.டி. என்கிற பழைய நகரத்துப் பையன். முதல் வாரம் கம்ப்யூட்டரைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். பருப்பு தரம் பிரிக்கும் பெண்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டபிள்யூ 210-க்கும் 240-க்கும் 320-க்கும் வித்தியாசம் பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பவுண்டுக்கு எத்தனை முழுப்பருப்பு நிற்கும் என்பதுதான் அந்த எண். உடைந்த பருப்பையும் அதே பட்டியலில் சேர்ப்பதா, தனிக் கட்டம் வைப்பதா என்று நேற்று இரவு ஃபோனில் இருவரும் என்னிடம் வழக்கு வைத்தார்கள். கல்லாவில் உட்காரும் அக்காவைக் கேளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.